புஸ்பராணியின் காது

துறைமுக வீதிக் கணினிக் கடையில் பின்னேர வெயில் பாதித் திரையை மறைக்கிறது. புஸ்பராணி ஞானசேகரத்தின் மீன்பிடி அனுமதிப் பாஸுக்கான விண்ணப்பத்தை அடிக்கிறாள். கண் தாளில், விரல் விசைகளில். பின்னால் கதிரைகளில் அவனும் மனைவி குணேஸ்வரியும் காத்திருக்கிறார்கள். எதிரே நேவிக் காவலரண். அங்குள்ளவர்களும் கடிதம் அடிக்க இங்கேதான் வருவார்கள். "தம்பி இப்ப எங்க நிக்கிறான்?" நேவி தேடுகிற தன் தம்பியைப் பற்றிக் குணேஸ்வரி கணவனின் காதுக்குள் கேட்கிறாள். அவன் கண்ணால் புஸ்பராணியைக் காட்டுகிறான். "நீங்கள் கதையுங்கோ அக்கா," என்கிறாள் அவள், திரும்பாமலே. "அடிக்கேக்க எனக்கு ஒண்டும் கேக்காது." விசைகள் தகரத்தில் விழும் தூறலாய் விடாமல் ஒலிக்கின்றன. அந்தச் சத்தத்தை நம்பி ஞானசேகரம் முணுமுணுக்கிறான்: "லிங்கநகரில, மாமி வீட்டில." சத்தம் நிற்கிறது. குணேஸ்வரி எட்டிப் பார்க்கிறாள். விண்ணப்பகாரரின் முகவரியில், அவர்களின் ஊரான அன்புவழிபுரம் இருக்க வேண்டிய இடத்தில், லிங்கநகர் என்று விழுந்திருக்கிறது. புஸ்பராணி ஒவ்வோர் எழுத்தாக அழிக்கிறாள். காவலரணிலிருந்து ஒருவன் கையில் ஒரு தாளுடன் வீதியைக் கடந்து வருகிறான். கடைசி எழுத்தும் போகிறது. "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அக்கா," என்கிறாள் புஸ்பராணி. இப்போதும் அவள் திரும்பவில்லை.