ஓடும் ஸ்கேன்

"ஸ்கேன் படம் திறக்க மாட்டேங்குது. உங்க வயிறு ஓடுற ஃபைலா வந்திருக்கு" என்றார் டாக்டர்.

கட்டிலில் படுத்திருந்த நோயாளி பதறி எழுந்தார். "ஓடுதா? எங்க?"

"ஃபைல் பேர்ல, புள்ளிக்குப் பின்னாடி இருக்கற எழுத்தைப் பாருங்க. அதுதான் எக்ஸ்டென்ஷன். படம்னா படத்துக்கான எழுத்து இருக்கணும். இது கேம் கன்சோல்ல ஓடற ஃபைலோட எழுத்து. புது மெஷின், என்ன நினைச்சுதோ!"

"அந்த எழுத்தை அழிச்சிட்டு, படம்னு மாத்திடுங்களேன்" என்றாள் நோயாளியின் மனைவி.

"மாத்திப் பார்த்துட்டேன்மா. போர்டை மாத்தினா மளிகைக் கடை மருந்துக் கடையாயிடுமா? உள்ள இருக்கற சரக்கு அதேதானே?"

"அப்ப இவரோட கிட்னிக் கல் எங்க இருக்குன்னு தெரியாம நாளைக்கு எப்படி ஆபரேஷன் பண்ணுவீங்க?"

டாக்டர் யோசித்தார். குழந்தைகள் வார்டிலிருந்து கேம் கன்சோலை வரவழைத்து, சுவரில் இருந்த டிவியில் மாட்டினார்.

ஃபைல் ஓடியது. செவ்வொளியில் ஒரு குகை விரிந்தது. அதன் சுவர்கள் மெல்ல மூச்சு விட்டன. தொலைவில், நிலவு போலக் கல். கையில் சுத்தியலோடு ஒரு குட்டி மனிதன் வந்து குதித்தான். மேலே மூன்று இதயங்கள்.

"மூணு உயிர் இருக்கு!" என்றார் டாக்டர்.

"அவருக்கு ஒண்ணுதான் இருக்கு டாக்டர்!"

டாக்டர் பொத்தானை அழுத்தினார். குட்டி மனிதன் வழுக்கி விழுந்தான். "ஐயோ அம்மா!" என்று அலறினார் டாக்டர்.

இரண்டாம் முறையும் விழுந்தான். டாக்டருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"வயிறு என்னோடது, கத்தறது நீங்களா?" நோயாளி கையை நீட்டினார். "இங்க குடுங்க சார். மிச்சம் ஒரே உயிர். போனா என் கையாலயே போகட்டும்."

"இடது பக்கம்! தாவுங்க! வீட்லயும் இப்படித்தான், சொன்னா கேக்கறதே கிடையாது!" என்று மனைவி கத்த, சுத்தியல் இறங்கியது. கல் தூள்தூளானது. மனைவி அழுதபடியே கைதட்டினாள்.

"கல்லு போச்சு. ஆனா வலி அப்படியே இருக்கே?" என்று வயிற்றைப் பிடித்தார் நோயாளி.

நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், ஃபைல் மாறிடுச்சு! இவரோட ஸ்கேன் இப்பதான் வந்தது, சாதாரணப் படமா. கல்லெல்லாம் இல்ல, வெறும் வாயு. நீங்க போட்டிருக்கறது, இடுப்பு வலின்னு காலையில உங்களுக்கு எடுத்தது!"

டாக்டர் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். குனிந்தார், நிமிர்ந்தார். பிறகு கட்டிலருகே பவ்யமாக வந்து நின்று நோயாளியிடம் கேட்டார்:

"மறுபடி எப்ப வந்து காட்டணும், டாக்டர்?"