எதிராளியின் படைபலம்

கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது அமலோற்பவத்தின் மகனை ஒரு வல்லரசின் டிரோன் சுட்டுக் கொன்றது. நியாயம் கேட்டு அவள் போர்க்குற்ற மனு மையத்துக்குப் போனாள். அங்கிருந்த இயந்திரம் எதிராளியின் படைபலத்தைப் பார்த்ததுமே மனுவை வெளியே துப்பிவிட்டது.

“தண்டிக்க முடியாதவங்க மேல இது வழக்கு எடுக்காதும்மா,” என்றார் குமாஸ்தா.

“பெத்த வயிறு எரியுது சார். யாராவது பதில் சொல்லியாகணும்.”

“அன்னைக்குப் படகு ஓட்டினது யாரு?” என்று அவர் சும்மாதான் கேட்டார்.

“என் தம்பி கிளமென்ட். அவன்தான் பொணத்தையாவது கரைக்குக் கொண்டுவந்தான்.”

இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. “ஆபத்தான கடலுக்கு ஆளைக் கூட்டிப் போனவர் கிளமென்ட். வழக்கு ஏற்கப்பட்டது.”

அவள் ஊர் திரும்பியபோது தம்பியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா,” என்று அவன் கத்தினான். “எம்மேல எவன் மனு குடுத்தான்னு கேளுக்கா!”