விரிப்பின் ஆயுள்

“இந்த மாசம் பதினாலு பெட்ஷீட் செத்துப் போச்சா அக்கா?”

பென்சிலின் குரலில் இருந்த குத்தல், லாண்டரி மெஷினின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.

காதில் எந்நேரமும் பென்சில் செருகியிருப்பதால், ஹோட்டலில் கணக்குப் பார்க்கும் அவளுக்கு அந்தப் பெயர். அறைகளைக் கவனிக்கும் பிரிவின் தலைவிக்குக் கத்தரி அக்கா என்று பெயர். அவள் இடுப்பில் கத்தரிக்கோல் தொங்காத நாள் கிடையாது.

“செத்ததைத்தான் எழுதியிருக்கேன். உயிரோட இருக்கறதை எழுதலையே?” தலையணை உறையை மடித்துக்கொண்டே சொன்னாள் கத்தரி அக்கா.

“அத்தனையும் பச்சை நூல்!”

“இருக்கட்டுமே.”

இருக்கட்டுமாமே! அந்த ஹோட்டலில் விரிப்பு வாங்கும் வருஷத்துக்கு ஒரு நிறமென்று ஓரத்தில் நூல் தைத்துவிடுவார்கள். சிவப்பு என்றால் மூன்று வருஷம் பழசு. பச்சை என்றால் இரண்டு.

ஆண்டறிக்கைக்கான கணக்கியல் கொள்கைக் குறிப்பைப் பென்சில்தான் தயார் செய்துகொண்டிருந்தாள். ‘விரிப்புகளின் ஆயுள் மூன்று ஆண்டு. அதன்பின் வெட்டப்பட்டுத் துடைக்கும் துணியாகும். மதிப்பு ஏதுமில்லை.’

நாளைக்கு ஆடிட்டர் வருகிறார். இரண்டு வருஷ விரிப்பு ஏன் ஒரு வருஷம் முன்னாடியே சாகிறது என்று கேட்டால்? இவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர், காணாமல் போன கரண்டிகளைக் கவனிக்காமல் விட்டதால்தான் வீட்டுக்குப் போனார். மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “ஓட்டை எங்கே இருந்தாலும் தலை உன்னோடதுதாம்மா.”

வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை. கணவனுக்கு ஒரு வாரம் வேலை இருக்கும், ஒரு வாரம் இருக்காது. இந்த வேலையும் போனால்?

“வெட்டின துண்டையாவது காட்டுங்க.”

“துடைச்சுத் தூக்கிப் போட்டாச்சு.”

“பதினாலு ஷீட்டா? ஊரையே துடைக்கலாமே!”

துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் களுக்கென்று சிரித்து, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

ஓஹோ. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கூட்டுக் களவாணிகள்!

மேசைக்கு அடியில் ஒரு பெரிய துணிப்பை. அக்கா அதைக் காலால் மெல்ல உள்ளே தள்ளுவதைப் பென்சில் பார்த்துவிட்டாள்.

“பையில என்ன?”

“சாப்பாட்டு டப்பா.”

“யானைக்கா சாப்பாடு?”

கத்தரி அக்கா மடிப்பதை நிறுத்தினாள். இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உன் புள்ள எந்த ஆஸ்பத்திரியில பொறந்துச்சு?”

இவள் எதற்குக் குழந்தையை இழுக்கிறாள்?

“பெரியாஸ்பத்திரி. எட்டாம் மாசத்துலயே பொறந்துட்டா. இருபது நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.” அக்கா சிரித்த மாதிரி இருந்தது. “போ, என்ன எழுதணுமோ எழுதிக்கோ.”

மிரட்டுகிறாளா, கேலி செய்கிறாளா?

பென்சில் விறுவிறுவென்று மாடியேறி எழுதியே விட்டாள். ‘நல்ல நிலையில் உள்ள விரிப்புகள் மாதாமாதம் கழிக்கப்படுகின்றன. பிரிவுத் தலைவியின் பையைச் சோதிக்க வேண்டுகிறேன்.’ மேனேஜர் கிளம்பிப் போயிருந்தார். காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கணவன் கூப்பாடு போட்டான்.

“சீக்கிரம் வா! நம்ம குட்டி மேனேஜரம்மா மூணாவது தடவையா நனைச்சுட்டா. துணி எடு!”

பென்சில் அலமாரியைத் திறந்துகொண்டே பொரிந்து தள்ளினாள். “பட்டப்பகல் திருட்டுங்க! நல்ல ஷீட்டை வெட்டி, பை பையா வெளியே கொண்டு போறாங்க. கேட்டா, புள்ள எங்க பொறந்துச்சுன்னு என்னையே கேக்கறாங்க!”

“அந்தத் துணி வேண்டாம், இவளுக்குச் சிவந்துடும். ஆஸ்பத்திரியில குடுத்த துணிக்கட்டு இருக்கே, அதுல எடு.”

“எடுத்துட்டுதான் இருக்கேன்.”

“நர்சம்மா சொன்னது மறந்துடுச்சா? புதுத் துணி தோலை உரசுமாம். ரொம்பப் பழசுன்னா நூல் பிரிஞ்சு பிஞ்சு விரல்ல சுத்திக்குமாம். அதனால ரெண்டு வருஷம் துவைச்ச துணியாப் பாத்து, யாரோ ஒரு புண்ணியவதி மாசாமாசம் பை நிறைய...”

அவன் முடிக்கவில்லை. பென்சில் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வெள்ளைத் துணி. நான்கு பக்கமும் நேராக வெட்டி, முரட்டு ஓரங்களை மடித்துக் கையால் தைத்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் பழைய தையல் அப்படியே இருந்தது, ஒரு விரல் நீளத்துக்கு.

பச்சை நூல்.

“என்னம்மா? பூச்சி ஏதாவது இருக்கா?”

“இல்லைங்க.” குழந்தையை வாங்கி அந்தத் துணியில் பொதிந்துகொண்டாள். கைப்பையிலிருந்த கடிதம், காலையில் அவள் ஹோட்டலுக்குக் கிளம்புமுன் நாலு துண்டாகி, எட்டுத் துண்டாகிக் குப்பைக்கூடைக்குப் போனது.

ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குறிப்பை இரண்டு முறை படித்தார்.

“போன வருஷம் விரிப்போட ஆயுள் மூணு ஆண்டுன்னு இருந்துச்சே? இப்ப ரெண்டுன்னு போட்டிருக்கீங்க?”

“ரெண்டு வருஷம்தான் சார் சரி. அதுக்கு மேல போனா நூல் பிரிஞ்சுடுது.”

பக்கத்திலிருந்த மேனேஜர் இவளை முறைத்தார். ஆடிட்டர் விடவில்லை. “அனுமானமா, இல்லை சோதிச்சுப் பாத்தீங்களா?”

அவள் காதிலிருந்த பென்சிலை எடுத்து, ‘இரண்டு’ என்ற சொல்லுக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டாள்.

“அஞ்சு மாசமா தினமும் பாத்துட்டுதான் இருக்கேன் சார்.”