விசிறி இல்லாத பெட்டி

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் நஸீமா, சத்தமே போடாத சின்னக் கணினி ஒன்று கேட்டிருந்தார். அதற்காகக் கணினி பூட்டித் தரும் தில்லைநாயகம் உள்ளங்கை அகலத்தில் ஒரு பவர் சப்ளை தேடிப்பிடித்தார். சூட்டைத் தணிக்க அதற்குள்ளிருந்த குட்டி விசிறி கொசுவைப் போல இரைந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூடியை முடுக்கிக் கணினியில் பொருத்தினார். "இது மூச்சுக்கூட விடாதுங்க மேடம்" என்று பெருமையும் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் பவர் சப்ளை கருகிப்போய்க் கணினி திரும்பி வந்தது. ஹார்ட் டிஸ்க்கும் எரிந்து, அதில் பதிவு செய்திருந்த பதினொரு பாடங்களும் போய்விட்டன.

"என் தப்புதாங்க. வெளிச்சத்தம் கேக்கக் கூடாதுன்னு ஜன்னலையெல்லாம் சாத்திட்டு வாசிச்சேன். அந்தப் புழுக்கத்தை அது தாங்கல போல" என்றார் நஸீமா.

"இருக்கும்" என்றார் தில்லைநாயகம். நஸீமாவின் முகத்தைப் பார்க்காமலே அதே மாதிரி இன்னொரு பவர் சப்ளையை மாட்டி சுவிட்சைப் போட்டார். விசிறி இரைந்தது.

நஸீமா காதைக் கொண்டுவந்து வைத்துக் கேட்டார். "முன்னாடி இந்தச் சத்தம் இல்லையே?"

தில்லைநாயகம் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"இருந்துச்சுங்க மேடம். அந்த விசிறிய நாந்தான் பிடுங்கிட்டேன்."