செம்பியின் நெற்றிப் பரு

செம்பி என்ற ஆட்டுக்குட்டிக்கு நெற்றியில் இரண்டு பருக்கள் முளைத்தன. குளத்தில் தன் முகத்தைப் பார்த்ததிலிருந்து அவளுக்குப் புல்லே இறங்கவில்லை. மந்தை முழுக்கத் தன்னையே பார்ப்பதாக நினைத்துப் புதருக்குள் ஒளிந்துகொண்டாள்.

தோழி முயல் வேப்பிலையையும் மஞ்சளையும் மென்று பூசிவிட்டது. பருக்கள் பெரிதாயின. சோற்றுக்கற்றாழையைத் தடவியது. அவை கல்லாக இறுகின.

“இது போகவே போகாதா?” என்று செம்பி அழுதாள்.

“துளசி இருக்கிறது, பயப்படாதே” என்ற முயலுக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

முயல் துளசி பறிக்கப் போன இடத்தில் ஒரு நரி அதன் கழுத்தைக் கவ்வியது. அலறல் கேட்ட செம்பி, முகத்தை மறைக்கவும் மறந்து ஓடிவந்து, தலையைத் தாழ்த்தி நரியின் விலாவில் முட்டினாள். நரி முயலைப் போட்டுவிட்டு ஓடியது.

“இந்தக் குட்டிக்குக் கொம்பு முளைத்ததை யாரும் சொல்லவில்லையே” என்று வழியெல்லாம் நரி முனகியது.

முயல் கையிலிருந்த துளசியைப் பார்த்தது. “அது கொம்பு என்றால் இதை என்ன செய்வது?”

“கழுத்தைக் காட்டு, ரத்தம் வருகிறது” என்ற செம்பி, துளசியை மென்று முயலின் காயத்தில் பூசினாள்.