மூச்சு வாங்கவில்லை

கோவிட் போன பிறகும் உடம்பு தேறாதவர்களை அந்த மருத்துவர் ஆராய்ந்து வந்தார். இன்று எதிரே பாட்டு டீச்சரும் அவர் கணவரும்.

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க," என்றார் டீச்சர்.

"கடைக்குப் போய்ட்டு வந்தா அசதி?"

"கிடையாது."

"பாடும்போது இருமல்?"

"இல்லவே இல்லை."

மருத்துவர் முகம் மலர்ந்தது. "அப்ப பூரண குணம்னு பதிஞ்சிடலாம்."

கணவர் தொண்டையைச் செருமினார். "டாக்டர், எங்க படுக்கையைக் கீழே மாத்தியே ரெண்டு வருஷமாச்சு. அவ மாடிப்பக்கமே போறதில்ல. கடைக்கு நான்தான் போறேன்." குரல் இறங்கியது. "பாட்டையும் விட்டுட்டா."

மருத்துவர் கணினியிலிருந்து கையை எடுத்தார். "ஏம்மா சொல்லலை?"

டீச்சர் தலைகுனிந்தார். "நல்லாயிட்டேன்னு யாராவது சொல்லி, ஒரு தடவை காதால கேக்கணும்போல இருந்துச்சு."