ஜமீன் காப்பு

“மூத்த வழி வாரிசு நீதாம்மா. உன் கையில காப்பு ஏறாம கோயில்ல கொடி ஏறாது.”

மஞ்சள் கயிறு வைத்த தாம்பாளத்தைத் தென்றலிடம் நீட்டினார் விழாக்குழுத் தலைவர் பெரியசாமி. பின்னால் நான்கு பேர் நின்றார்கள்.

பக்கத்தில் நின்ற அம்மா கலியம்மாளுக்குக் கண் கலங்கியது. ஜமீன் போய் எழுபது வருஷமாகிறது. அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியது இந்த ஓட்டு வீடும், திருவிழாவுக்கு முதல் காப்பு கட்டிக்கொள்ளும் உரிமையும்தான். கணவர் போன வருஷம் இறந்ததிலிருந்து, ஆண் பிள்ளை இல்லாத வீட்டைத் தேடி ஊர் வருமா என்று பயந்துகொண்டிருந்தாள். வந்துவிட்டது.

“கட்டிக்கிறேன் மாமா,” என்றாள் தென்றல். “ஆனா ஜமீன் மரியாதை முழுசா வேணும்.”

“மாலை, பரிவட்டம் எல்லாம் உண்டும்மா.”

“அது யாருக்கு வேணும்? எங்க கொள்ளுத்தாத்தா பல்லக்குல போனாரு. நானும் பல்லக்குலதான் வருவேன்.”

ஒருவர் சிரித்துவிட்டார். “பல்லக்குக்கு எங்கம்மா போறது? ஷேர் ஆட்டோ வேணா சொல்லட்டுமா?”

“நான் வெளையாடல. நீங்கதான் தூக்கணும். எங்க வாசலைத் தாண்டுறப்ப எல்லாரும் செருப்பைக் கையில எடுத்துக்கணும். நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் ஒக்காரக் கூடாது.”

“வாய மூடுடி!” கலியம்மாள் மகளைப் பிடித்து இழுத்தாள். “அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க...”

பெரியசாமியின் முகம் கறுத்தது.

“எங்க தாத்தா எடுத்தாரு, செருப்பைக் கையில. நாங்க எடுக்க மாட்டோம். உங்கப்பா ஒருநாளும் இப்புடிப் பேசினதில்ல.” தாம்பாளத்தைத் திருப்பிக்கொண்டார். “வாங்கப்பா, இவ சித்தப்பா வூட்டுக்குப் போவோம். அவரு கட்டிக்கட்டும்.”

“முப்பது வருஷம் உங்கப்பா கட்டுன காப்புடி! ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டியே!” கலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தென்றல் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அவர்கள் தெருமுனைக்குப் போய், அங்கே சித்தப்பா வீட்டுக் கதவு திறந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“அப்பாடா!” என்று அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை நீட்டினாள்.

“காலைலதாம்மா ஆர்டர் வந்துச்சு. ரெண்டு வருஷமா அலைஞ்ச வேலை, திங்கக்கெழம ஓசூர்ல சேரணும். காப்பு கட்டுனா எட்டு நாள் ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. வேணாம்னு சொல்லியிருந்தா, நீயே என் கையைப் புடிச்சு நீட்டியிருப்ப!”